பெயர் அறியும் தகுதி

புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு, இரவு ஷிஃப்ட் முடிந்து, இசக்கிபாண்டி இடது கையுறையைக் கழற்றினான். உள்ளே ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தான். கையைக் கழுவிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினான். ஒரகடத்து வாடகை அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தான்.

பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தான்.

"ஏட்டி பூமாரி, விரலுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி வலிக்கி."

மனைவி பூமாரி கையைப் பிடித்துப் பார்த்தாள். வெட்டு இல்லை. கொப்புளம் இல்லை. மூன்று விரல் நுனிகள் மட்டும் வெளுத்திருந்தன.

"ஒண்ணுமே இல்லையேங்க."

"ஒண்ணும் இல்லாம இப்படி வலிக்குமா? அதாம்ட்டி பயமா இருக்கு."

அது கார் சக்கரம் செய்யும் தொழிற்சாலை. இருவருக்கும் அங்கேதான் வேலை. அவள் பேக்கிங். அவனுக்குச் சக்கரங்களைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் தொட்டியில் முக்கிக் கழுவும் பிரிவு. தொட்டியில் இருந்ததை எல்லோரும் ஏழாம் நம்பர் என்றார்கள். டிரம்மிலும் ஏழு என்றுதான் எழுதியிருந்தது. அதற்கு வேறொரு பெயர் இருக்கும் என்று இருவரும் யோசித்ததில்லை.

படப்பையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் மெர்சி விரல்களை அழுத்திப் பார்த்தார். இசக்கிபாண்டி கத்தினான்.

"என்ன கெமிக்கல்?"

"ஏழாம் நம்பர், டாக்டர்."

"அது நம்பர். பேர் என்ன?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் கம்பெனிக்கு போன் செய்தார். வெகுநேரம் போனில் புல்லாங்குழல் இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"பெயர் அறியும் தகுதி உங்களுக்கு இருக்கா மேடம்?"

"நான் டாக்டர் பேசறேன். பேஷன்ட் என் முன்னாடி கிடக்கறார்."

"புரியுது மேடம். ஆனா எம்.பி.பி.எஸ். எங்க லிஸ்ட்ல இல்லை. வெளியாட்களுக்கு அடுத்த பேட்ச் மாசக் கடைசியில. நீங்களும் சேரலாம். சாப்பாடு உண்டு."

டாக்டர் போனை வைத்தார். சென்னையில் தன் பேராசிரியரை அழைத்தார். அவரும் அதையே கேட்டார். பெயர் என்ன?

"வலிக்கு ஊசி போடறேன்" என்றார் பூமாரியிடம். "அதுக்கு மேல எதுவும் கண்ணை மூடிக்கிட்டுப் போட முடியாது. ஒவ்வொரு கெமிக்கலுக்கும் ஒரு வைத்தியம். நீங்க போய்ப் பேரைக் கேட்டுட்டு வாங்க. சீக்கிரம் வாங்கம்மா. விரல் தங்கணும்."

*

கம்பெனியின் வேதியியல் அறிவுத் துறை மூன்றாம் மாடியில் இருந்தது. தலைவர் ஸ்ரீநிவாசராகவன் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். இசக்கிபாண்டியின் வலியைப் பற்றிக் கேட்டபோது அவர் கண் கலங்கியது.

"முன்னாடி எல்லா டிரம்லயும் பேர் ஒட்டியிருந்ததும்மா. ஒருத்தன் படிச்சான். போன்ல தேடினான். மறுநாள் தொட்டிப் பிரிவுல பாதிப் பேர் வேலைக்கு வரலை. அதே தொட்டிகிட்ட அதுவரைக்கும் சந்தோஷமா நின்னவங்கதான். தொட்டி மாறலை, தண்ணி மாறலை. அப்போ கோளாறு எதுல?"

பூமாரி யோசித்தாள்.

"பேர்லதானே?" என்றார் அவர். "அதனால பேரை எடுத்துட்டோம்."

"விபத்து குறைஞ்சுதா சார்?"

"பயம் குறைஞ்சது. அதைத்தான் நாங்க அளக்கறோம். டெல்லியில விருது கொடுத்தாங்க." சுவரில் இருந்த கேடயத்தைக் காட்டினார். "ஆனா ஒண்ணு. நாங்க எதையும் மறைக்கறதில்லை. வேதியியல் தெரிஞ்ச யாருக்கும் சொல்லுவோம். அணுன்னா என்ன, மோல்னா என்ன, இது தெரியாம ஒரு அமிலத்தோட பேரைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"டாக்டர்கிட்ட சொல்லுவேன் சார்."

அவர் சிரித்தார். அன்பான சிரிப்பு.

"தொழிலாளர்களுக்கு நாளைக்கே ஒரு பேட்ச் இருக்கு. காலையில வகுப்பு, சாயந்தரம் தேர்வு. பாஸ் பண்ணினதும் பேர் வந்துடும்."

"உங்களுக்குத் தெரியும்ல சார். நீங்க சொல்லுங்களேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரியாதும்மா."

பூமாரி அவரையே பார்த்தாள்.

"எனக்கு இளகின மனசு. தெரிஞ்சா உங்களை மாதிரி யாராவது வந்து அழுதா சொல்லிடுவேன். அதனால நான் தேர்வே எழுதலை" என்றார்.

*

வியாழக்கிழமை காலை கேட்டில் செக்யூரிட்டி ராஜசேகர் அவள் போனை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். உள்ளே போன் கூடாது. அது எப்போதும் உள்ள விதி.

"இன்னாமா, பேக்கிங் அந்தாண்ட. நீ மாடிக்குப் போற?"

"கெமிஸ்ட்ரி படிக்கப் போறேன் சார்."

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார் ராஜசேகர் உடனே.

வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பூமாரிக்குப் பக்கத்தில் கங்கா. ஒரகடத்துக்காரி, தரை துடைக்கும் வேலை. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினாள். பாதத்தில் தோல் பட்டை பட்டையாக உரிந்திருந்தது.

"தொடைக்கிற தண்ணி. பதினாலாம் நம்பர். அது இன்னா எழவுன்னு கேக்க வந்தேன். மூணாவது தபா எழுதறேன். எலக்ட்ரான் வரைக்கும் வந்துடுது. மோல்ல வுழுந்துர்றேன்."

பயிற்றுநர் யதிராஜ் உள்ளே வந்தார். இளைஞர், கழுத்தில் டை. எல்லோரும் எழுந்து வலது கையை முன்னே நீட்டினார்கள். பூமாரியும் நீட்டினாள்.

"ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு, பெருக்கல், பத்தின் அடுக்கு இருபத்து மூன்று" என்றார்கள் ஒரே குரலில். "இந்த எண்ணுக்கு நான் உண்மையாக இருப்பேன்."

"உட்காருங்கள்" என்றார் யதிராஜ்.

அவர் பலகையில் ஒரு வட்டம் போட்டார்.

"அணுவை எளிமையாகப் புரிந்துகொள்ள நம் நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கரு. அதில் புரோட்டான்கள். இவர்கள் நிர்வாகம். நேர்மறையானவர்கள். எத்தனை புரோட்டான் என்பதை வைத்துத்தான் அது எந்தத் தனிமம் என்று சொல்கிறோம். அதுதான் அணு எண். கூடவே நியூட்ரான்கள். எந்தப் பக்கமும் சாராதவர்கள். ஆனால் எடை உண்டு. இவர்கள் மனிதவளத் துறை."

அவர் வெகுதூரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார்.

"எலக்ட்ரான்கள். வெளியே ஓடிக்கொண்டே இருப்பவர்கள். எடை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கணக்கில் சேர்க்க மாட்டோம். ஒன்றிரண்டு போனாலும் வந்தாலும் தனிமத்தின் பெயர் மாறாது. ஆனால் எல்லா வினையும் இவர்களால்தான் நடக்கிறது. யார் இவர்கள்?"

"காண்ட்ராக்ட்டு" என்றாள் கங்கா.

"மிகச் சரி" என்றார் யதிராஜ். அவர் முகம் மலர்ந்தது.

தேநீருக்குப் பிறகு மோல்.

"அணுக்களைத் தனித்தனியாக எண்ண முடியாது. தேவையும் இல்லை. ஒரு அணுவுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே பெரிய மூட்டையாகக் கட்டுகிறோம். அந்த மூட்டைக்குப் பெயர் மோல். ஒரு மூட்டைக்குள் எத்தனை? காலையில் சொன்ன எண். அதை எடை போடுகிறோம். கணக்கு முடிந்தது. இந்த முறையைத்தான் நம் நிறுவனம் ஆள் எடுப்பதிலும் பின்பற்றுகிறது."

ஒருவர் கை தூக்கினார். "அந்த மூட்டையில ஒண்ணு ரெண்டு கொறைஞ்சா, சார்?"

"தெரியாது. அதுதான் மோலின் அழகு."

யதிராஜுக்குப் பாடம் உண்மையாகவே பிடித்திருந்தது. ஃபுளோரினுக்கு வந்தபோது சுண்ணக்கட்டி உடையும் அளவுக்கு அழுத்தி எழுதினார். அணு எண் ஒன்பது. உள் கூட்டில் இரண்டு எலக்ட்ரான், வெளிக் கூட்டில் ஏழு. எட்டுக்கு ஒன்று குறைவு.

"அந்த ஒன்றுக்காக அது எதையும் செய்யும். தனிமங்களிலேயே பசி அதிகம் உள்ளது இதற்குத்தான். எங்கே போனாலும் பிடுங்கும். ஆனால் கால்சியத்தைப் பார்த்துவிட்டால் அடங்கிவிடும். கால்சியத்திடம் கொடுப்பதற்கு இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஃபுளோரின். சேர்ந்துவிட்டால் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். பிறகு யாருக்கும் தொந்தரவு இல்லை. நம் எலும்பில் இருப்பதும் கால்சியம்தான். எழுதிக்கொள்ளுங்கள்."

பூமாரி எழுதிக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் ஏன் சார் ஃபுளோரினையே உதாரணம் சொல்றீங்க?" என்று கங்கா கேட்டாள். "போன தபாவும் இதான்."

"நம் தொழிற்சாலைக்குத் தொடர்புள்ள எடுத்துக்காட்டையே சொல்ல வேண்டும் என்பது விதி."

"இன்னா தொடர்பு?"

"அது நான்காம் நிலைத் தேர்வு. நான் இரண்டாம் நிலைதான் முடித்திருக்கிறேன்" என்றார் யதிராஜ்.

மாலையில் தேர்வு நடந்தது. இருபது கேள்விகள். இருபதும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் இல்லை. பூமாரி பத்தொன்பது வாங்கினாள். கால்சியம் ஃபுளோரைடு ஒரு மோலின் நிறை என்ன என்ற கேள்விக்கு ஐம்பத்தொன்பது கிராம் என்று எழுதியிருந்தாள். நாற்பதும் பத்தொன்பதும்.

"ஃபுளோரின் இரண்டு" என்றார் யதிராஜ். "இரண்டு பத்தொன்பது. எழுபத்தெட்டு வர வேண்டும். அவசரப்பட்டுவிட்டீர்கள்."

"சார், எனக்கு அவசரம் சார்."

"அதைத்தான் சொல்கிறேன்."

கங்கா பதினொன்று வாங்கியிருந்தாள். "வுடு. நாளைக்கு மறுதேர்வு வப்பாங்க. நீ பாஸாயிடுவ. நான் அடுத்த மாசம் பாத்துக்கறேன். காலு எங்க போயிடப் போவுது?"

*

ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போனாள். இசக்கிபாண்டியின் விரல்கள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"பாஸா?"

"ஒரு மார்க்குல போச்சுங்க."

"பத்தாங்கிளாஸ்லயும் கணக்குலதானட்டி போன?"

"சும்மா கெடங்க."

அவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். டாக்டர் மெர்சி வந்து எதுவும் கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு ஊசி போட்டுவிட்டுப் போனார்.

பூமாரி அவன் கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஃபுளோரின் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். பேச்சுக்குரல் இருந்தால் வலி கொஞ்சம் மறக்கிறது என்று அவன் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை இருபதுக்கு இருபது வாங்கினாள்.

உடனே விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஸ்ரீநிவாசராகவன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். டைரக்டர் வீடியோவில் பேசுவதாக இருந்தது. அவர் வர நேரமாயிற்று. வந்ததும், அறிவே ஆயுதம் என்றார். பிறகு சத்தம் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பேர் சார்?" என்றாள் பூமாரி.

"அனுப்பியாச்சே" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "நீங்க பாஸான உடனே தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் உங்க போனுக்கு அனுப்பியிருக்கும். மனுஷன் கை படாத ஏற்பாடு."

பூமாரி படிகளில் ஓடினாள். கேட்டில் ராஜசேகர் பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார். செய்தி வந்திருந்தது. வாழ்த்துகள், பெயரை அறிய இங்கே தொடவும். தொட்டாள். பாதுகாப்புக் கருதி இந்த இணைப்பு பதினைந்து நிமிடங்களில் காலாவதியாகிவிட்டது. மீண்டும் விண்ணப்பிக்க ஒரு நாள் காத்திருக்கவும்.

ராஜசேகர் எட்டிப் பார்த்தார்.

"போனு என்கிட்ட கீது. நீ மேல கீற. அங்க எவனும் இத ரோசிக்கலியா?"

அவள் மறுபடி மேலே ஓடினாள். ஸ்ரீநிவாசராகவன் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு நாள் காத்திருக்கும் விதி தலைமை அலுவலகத்துடையது என்றார். போன் பெட்டி விதி பாதுகாப்புத் துறையுடையது. இரண்டும் தனித்தனியாக நல்ல விதிகள். அவை சந்தித்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"இதை ஒரு ஆலோசனையா எழுதிக் குடுங்களேன்" என்றார். "மாசாமாசம் சிறந்த ஆலோசனைக்கு ஹாட்பாக்ஸ் தர்றோம்."

*

சனிக்கிழமை அவள் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்டெய்னர் லாரிகள் வாலாஜாபாத் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ராஜசேகர் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். அவரும் பக்கத்தில் நின்று போனையே பார்த்தார்.

ஒரு நாள் முடிந்ததும் மீண்டும் விண்ணப்பித்தாள். மாலையில் செய்தி வந்தது. தொட்டாள். திரையில் இரண்டு எழுத்துகள்.

ஹெச். எஃப்.

ஒரு ஹைட்ரஜன், ஒரு ஃபுளோரின். ஒன்றும் பத்தொன்பதும் இருபது. ஒரு மோலுக்கு இருபது கிராம். கணக்கு உடனே வந்துவிட்டது. அவள் டாக்டரை அழைத்தாள்.

"ஹெச் எஃப், டாக்டர்."

எதிர்முனையில் செருப்புச் சத்தம். ஒரு அலமாரிக் கதவு திறக்கும் சத்தம்.

"இதுக்குக் கால்சியம்மா" என்றார் டாக்டர் மெர்சி. "கால்சியம் ஊசி. அமிலம் உள்ளே போய் எலும்பைத் தேடும். அதுக்கு முன்னாடி நாம கால்சியத்தைக் குடுத்துடணும். அவ்வளவுதான் வைத்தியம். பிரசவ கேஸுக்காக எப்பவும் வச்சிருப்போம். இங்கதான் இருக்கு. என் கையில இருக்கு."

"போடுங்க டாக்டர்."

"போடறேன்."

அவர் சொன்ன விதத்தைக் கேட்ட பிறகு பூமாரி வேறெதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து ஒரு சர்ஜன் வந்தார். மூன்று விரல்களை எடுத்தார்கள்.

*

திங்கட்கிழமை ஸ்ரீநிவாசராகவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூமாரியின் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மருந்து மேசைமேல் நிறுத்தினார். சரிந்தது. ஆப்பிள் பையை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்.

கட்டுப்போட்ட கையைப் பார்த்தபோது அவர் கண் மறுபடியும் கலங்கியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு இசக்கிபாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கமிட்டி போட்டு விசாரிச்சோம் தம்பி. எந்தத் தப்பும் விட்டுடக்கூடாதுன்னு நேத்து ஞாயித்துக்கிழமையும் உட்கார்ந்தோம். புதன்கிழமை உங்க வீட்டம்மா வந்தாங்க. அன்னைக்கே பேட்ச்ல இடம் குடுத்துட்டோம். வியாழக்கிழமை வகுப்பு நடந்துது. தேர்வு நடந்துது. எங்க பக்கத்துல எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கு."

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு கேள்விதான். எழுபத்தெட்டுன்னு எழுதியிருக்கணும். ஐம்பத்தொன்பதுன்னு எழுதிட்டாங்க. போகட்டும். நாங்க யாரையும் குறை சொல்லலை. அறிக்கையில கூடப் பேர் போடலை. பேர் போடறது எங்க வழக்கம் இல்லை. குடும்பத்தாரோட தயாரிப்புக் குறைவுன்னு பொதுவாத்தான் போட்டிருக்கோம்."

பூமாரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிபாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே இப்படி நடக்காம இருக்க எல்லா இடத்துலயும் போஸ்டர் ஒட்டறோம். 'முதல் முறையே தேர்ச்சி பெறுவோம், உறவுகளைக் காப்போம்.' நான்தான் எழுதினேன்." கொஞ்சம் தயங்கினார். "கையுறையையும் மாத்தச் சொல்லி எழுதியிருக்கேன். அது வேற துறை."

எழுந்து நின்றார். இசக்கிபாண்டியின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். பூமாரிக்குக் கும்பிடு போட்டார். கதவருகே நின்று, அடுத்த பேட்ச்சுக்கு அவள் வந்து தன் அனுபவத்தைச் சொன்னால் மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போனார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். பூமாரி ஆப்பிள் ஒன்றை எடுத்துக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டு வந்து கத்தி தேடினாள். கத்தி இல்லை.

இசக்கிபாண்டி கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் கோபம் தெரியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவனைப் போலக் கேட்டான்.

"ஏட்டி, நீ மொத நாளே பாஸாயிருந்தா, வெரலு இருந்திருக்குமோ?"